சத்திரசிகிச்சையும் முதியோர் உணவும்

பேராதனையிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச்செல்லும் பெருந்தெருவில், தேயிலைச் சரிவுகளின் நடுவே அமைந்துள்ளது புசல்லாவை. 1841ஆம் ஆண்டளவிலேயே சீனத் தேயிலைக் கன்றுகள் நடப்பெற்ற ரொத்சைல்ட் தோட்டம் இவ்வூரைச் சார்ந்ததே. இத்தகைய பழந்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்களின் முதியோர் பலர் இன்று லயன் அறைகளில் ஓய்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவருக்குப் பெரிய சத்திரசிகிச்சை வேண்டுமென்று வைத்தியர் கூறிவிட்டால், அதே தெருவழியே கீழிறங்கிப் பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ செல்ல வேண்டியிருக்கிறது.

அவ்வேளையில் வீட்டார் பல கேள்விகள் கேட்கின்றனர். சத்திரசிகிச்சை எத்தனை மணி நேரம் நடக்கும்? இரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமா? எத்தனை நாள் வைத்தியசாலையில் இருக்க நேரும்? இவையெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகளே. ஆயினும் பெரும்பாலும் எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. இம்முதியவர் இப்போது என்ன உண்கிறார், எவ்வளவு உண்கிறார் என்பதே அது. சத்திரசிகிச்சையின் வெற்றி வைத்தியரின் கையில் மட்டும் இல்லை. வீட்டு அடுப்பிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

உடலில் கத்தி பட்டவுடன் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் பார்ப்போம். காயத்தை மூடுவதற்குப் புதிய தசையும் தோலும் வேண்டும். கிருமிகளை எதிர்ப்பதற்குப் புதிய அணுக்கள் வேண்டும். இவை அனைத்துக்கும் மூலப்பொருள் புரதம். உண்ணும் உணவில் அது போதாதபோது உடல் வாளாவிருப்பதில்லை; தன் சொந்தத் தசையையே உடைத்துக் காயத்துக்கு அனுப்புகிறது. ஸ்கொட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் டேவிட் கத்பேட்சன் என்னும் அறிஞர், எலும்பு முறிந்தோரின் சிறுநீரை 1930ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்தபோது, காயம் பட்டபின் சில நாள்கள் வரையில் உடலின் புரதம் பெருமளவில் கரைந்து வெளியேறுவதைக் கண்டார். கால் முறிந்தவருக்குக் காலில் மட்டுமே இழப்பு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் உடல் முழுவதுமே அதற்கு வரி செலுத்துகிறது.

இதற்குச் சில ஆண்டுகளின் பின், 1936இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹைரம் ஸ்டட்லி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் எளிய கணக்கு ஒன்றைப் போட்டார். இரைப்பைப் புண்ணுக்காகச் சத்திரசிகிச்சை பெற்றோர், அதற்கு முன் எவ்வளவு எடை இழந்திருந்தனர் என்று அவர் பார்த்தார். தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களுள் மூவரில் ஒருவர் மாண்டனர். அவ்வளவு இழக்காதவர்களுள் மாண்டவர் 100க்கு 4 பேரிலும் குறைவு. நோயும் ஒன்று, சத்திரசிகிச்சையும் ஒன்று. வேறுபட்டது உடலின் சேமிப்பே. மருந்துகளும் கருவிகளும் பெரிதும் முன்னேறிவிட்ட இந்நாளிலும், மெலிந்த உடலோடு சத்திரசிகிச்சை மேசையில் ஏறுவது ஆபத்து என்னும் அவ்வுண்மை மாறவில்லை.

முதியோருக்கு இது ஏன் இன்னும் பெரிய ஆபத்தாகிறது? வயது ஏற ஏறத் தசை தானே குறைகிறது. பல் போகிறது, சுவை மங்குகிறது, பசி தணிகிறது. வங்கியில் பணம் குறைந்திருக்கும் காலத்தில் பெருஞ்செலவு வந்தாற்போன்ற நிலை இது. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனை நன்கு காட்டுகிறது. நோயற்ற முதியோர் 12 பேரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அந்தப் பத்து நாள்களில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோகிராம் தசை கரைந்துவிட்டது. நோயும் இல்லை, காயமும் இல்லை, பட்டினியும் இல்லை. வெறும் படுக்கையே இவ்வளவைப் பறித்தது. அப்படியானால், புற்றுநோயால் மெலிந்து, வயிற்றில் கத்தி பட்டு, கஞ்சித் தண்ணீரில் காலங்கழிக்கும் முதியவரின் நிலையை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கை மக்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 12.4 சதவீதம். மலையகத் தோட்டங்களைப் பொறுத்தமட்டில் வேறொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வில், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதமாக இருக்க, தோட்டப்பகுதியில் 31.7 சதவீதமாக இருந்தனர். இன்றைய குழந்தைகளின் நிலை இதுவென்றால், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் குழந்தைகளாயிருந்த இன்றைய முதியோர் எத்தகைய உணவில் வளர்ந்திருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. குறைந்த முதலோடு வாழ்வைத் தொடங்கியவர்கள் அவர்கள்.

இவர்களைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுசெல்லும் நோய்களுள் இரண்டினை இங்குக் குறிப்பிடலாம். ஒன்று, ஈரமான படிகளிலும் சரிவான பாதைகளிலும் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிதல். மற்றொன்று, வாயிலும் உணவுக்குழாயிலும் தோன்றும் புற்றுநோய். புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இலேயே அறிவித்தது. புகையிலை இல்லாவிடினும் பாக்குச் சேர்ந்த வெற்றிலை அத்தகையதே என்று 2004இல் வெளியான அதன் நூல் உறுதிப்படுத்தியது. குளிரிலும் மழையிலும் கொழுந்து பறிப்போருக்கு வெற்றிலை ஒரு துணையாக இருந்து வந்திருக்கிறது. அத்துணையே பலருக்கு வினையாகிறது. உணவுக்குழாயில் புற்று வளரும்போது முதலில் ரொட்டி இறங்காது. பின்னர்ச் சோறு இறங்காது. முடிவில் தேநீர் மட்டுமே இறங்கும். வைத்தியரிடம் வரும்போது நோயாளி பல வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தவராகவே வருகிறார்.

ஆகவே முதற்கடமை, எடையை அறிதல். தோட்டத்தில் கொழுந்தை நாள்தோறும் நிறுக்கிறோம்; ஒரு கிலோ குறைந்தாலும் கேள்வி எழுகிறது. ஆனால் அக்கொழுந்தைப் பறித்த கைகளுக்குரியவரின் எடை குறைவதை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. தோட்ட மருந்தகத்திலோ புசல்லாவை வைத்தியசாலையிலோ மாதம் ஒருமுறை எடை பார்த்து ஒரு தாளில் குறித்துவைப்பது அரிய காரியமன்று. தராசு கிடைக்காவிடின் வேறு அடையாளங்கள் உண்டு. மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கை நோக்கி ஏறுகிறதா? இரவிக்கை தொளதொளக்கிறதா? வேட்டி இடுப்பில் நிற்க மறுக்கிறதா? இவற்றைக் கண்டால் வைத்தியரிடம் தவறாது சொல்ல வேண்டும். 50 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்தில் 5 கிலோ இழந்திருந்தால், அது பத்தில் ஒரு பங்கு. அலட்சியம் செய்யத் தக்கதன்று.

இத்தகையோர் பற்றி, ஐரோப்பிய மருத்துவப் போஷாக்குச் சங்கத்தார் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியில் கூறுவது நம் கவனத்துக்குரியது. மிகவும் மெலிந்துபோனவருக்குப் பெரிய சத்திரசிகிச்சையை 7 முதல் 14 நாள் வரை தள்ளிவைத்தேனும், முன்கூட்டி ஊட்டம் அளிக்க வேண்டும். புற்றுநோயாயினும் இது பொருந்தும் என்கின்றனர். ஆதலால், “இரண்டு வாரம் நன்றாக உண்ணச் செய்து அழைத்து வாருங்கள்” என்று வைத்தியர் சொன்னால், நம்மைத் தட்டிக்கழிக்கிறார் என்று வருந்த வேண்டியதில்லை. அந்த இரண்டு வாரமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. உடனடியாகச் செய்தே ஆகவேண்டிய சத்திரசிகிச்சைகளும் உண்டு. எதனைத் தள்ளலாம், எதனைத் தள்ளலாகாது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியரே.

சரி, நன்றாக உண்பது என்றால் எவ்வளவு? கணக்கிட்டே பார்ப்போம். 45 கிலோ எடையுள்ள முதியவர் ஒருவருக்குச் சத்திரசிகிச்சைக் காலத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,125 முதல் 1,350 கலோரியும், 54 முதல் 67 கிராம் வரை புரதமும் வேண்டும். நாம் கொடுப்பது என்ன? வேளைக்கு 50 கிராம் அரிசியில் கஞ்சி காய்ச்சி மூன்று வேளையும் கொடுத்தால், கிடைப்பது 525 கலோரியும் 10 அல்லது 11 கிராம் புரதமுமே. சோற்றை நீக்கி வடித்த நீரை மட்டும் கொடுத்தால் அதுவும் இல்லை. வயிறு நிறைகிறது; உடலோ பட்டினி கிடக்கிறது. இடையிடையே சீனி போட்ட வெறுந்தேநீர் கொடுத்தால் பசியும் அடங்கிவிடுகிறது; ஆதலால் பட்டினி வெளியே தெரிவதுமில்லை.

இதே கணக்கை நம் கடைத்தெருவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே நிரப்ப முடியும். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம். 50 கிராம் மைசூர்ப் பருப்பில் 12 கிராம். 50 கிராம் பால்மாவை இரு வேளையாகக் கரைத்துக் கொடுத்தால் 13 கிராம். 20 கிராம் சோயாமீற்றில் 10 கிராம். அல்லது அதே அளவு நெத்தலிக் கருவாட்டை உப்பு நீங்கக் கழுவி, வறுத்துப் பொடித்துச் சோற்றில் கலந்தாலும் அவ்வளவு கிடைக்கும். 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் சேர்ந்து 17 கிராம். கூட்டினால் 64 கிராம். கலோரியும் ஏறக்குறைய 1,300ஐ எட்டிவிடுகிறது. கறியில் தேங்காய்ப்பாலோ ஒரு கரண்டி தேங்காயெண்ணெயோ சேர்த்தால் மேலும் கூடும். விலையுயர்ந்த டப்பா மா வாங்க வசதியில்லையே என்று ஏங்குவோர் இக்கணக்கை மனத்திற் கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே வேளையில் ஊட்டலாகாது. முதியவரின் வயிறு சிறிது. ஆகையால் ஆறு சிறு வேளைகளாகப் பகிர்ந்து கொடுப்பதே நன்று. பல்லில்லாதவருக்கு ரொட்டியைப் பருப்பில் ஊறவைத்தும், முட்டையைக் கஞ்சியிலேயே அடித்துக் கலந்து வேகவைத்தும் கொடுக்கலாம். தேநீரைச் சாப்பாட்டுடன் கொடாமல் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்தால், உணவிலுள்ள இரும்புச் சத்து வீணாகாது. நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு இவ்வளவுகள் மாறும். அவர்கள் வைத்தியரிடம் கேட்டே நடக்க வேண்டும்.

இங்கே பத்தியம் என்னும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. “தாத்தாவுக்கு முட்டை கொடுக்காதே, புண் சீழ் பிடிக்கும்”, “மீன் கரப்பான், பருப்பு வாயு” என்று அண்டை அயலார் அன்போடு சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். நம் முன்னோர் வகுத்த பத்தியங்களுக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் சத்திரசிகிச்சைக் காயம் சீழ் பிடிப்பது கிருமியால்; முட்டையால் அன்று. அக்கிருமியை எதிர்க்கும் படைக்கு வேண்டிய உணவே முட்டையிலும் மீனிலும் பருப்பிலும் இருக்கிறது. படையைப் பட்டினி போட்டுவிட்டுக் கோட்டை விழுந்ததே என்று அழுவது பொருந்துமா? ஏதேனும் ஓர் உணவு ஒருவருக்கு உண்மையாகவே ஒவ்வாதெனில் அதை மட்டும் விலக்கலாம். குடலிலோ இரைப்பையிலோ சத்திரசிகிச்சை நடந்திருந்தால், எப்போது எதை உண்ணலாம் என்பதை அறைத் தாதியரிடம் கேட்டு அதன்படி நடக்கலாம். இவ்விரண்டையும் தவிர வேறு பத்தியம் வேண்டியதில்லை.

மற்றொரு மயக்கம் சேலைன் பற்றியது. “சேலைன் ஏறுகிறது, சாப்பாடு எதற்கு?” என்று பலர் ஆறுதல் கொள்கின்றனர். சேலைன் என்பது உப்புநீர். அதில் உணவுச் சத்து எதுவுமில்லை. குளுக்கோசு கலந்த நீராயினும், வழக்கமாக ஏற்றப்படும் 5 சதவீதக் கரைசலின் ஒரு லீற்றரில் இருப்பது 50 கிராம் சர்க்கரையே. 200 கலோரிக்கு மேற்படாது. புரதமோ சிறிதும் இல்லை. இரத்தக்குழாய் வழியாகவே முழு உணவையும் ஊட்டும் முறை வேறு. 1960களில் பிலடெல்பியா நகரில் ஸ்டான்லி டட்ரிக் என்பார் நாய்க்குட்டிகளை அம்முறையால் வளர்த்துக் காட்டி, பின்னர் ஒரு பச்சிளங் குழந்தைக்கும் அதனைப் பயன்படுத்தினார். குடல் இயங்காத நோயாளிகளுக்கு அது உயிர்காக்கும் வழி. குடல் இயங்குமானால் குடல் வழி உணவே சிறந்தது. விழுங்க முடியாதவருக்கு மூக்கின் வழியாகவோ வயிற்றின் வழியாகவோ ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி உணவு கொடுப்பர். குழாய் போட்டுவிட்டார்களே, இனி முடிந்தது என்று கலங்க வேண்டாம். அது முடிவின் அடையாளமன்று. உடலைத் தேற்றும் வழி.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவிலிருந்தே ஒரு துளி நீரும் கூடாது என்பது நெடுங்கால வழக்கம். இன்றைய மயக்கமருந்து நிபுணர்களின் வழிகாட்டிகள் அதனைத் தளர்த்தியுள்ளன. பொதுவாக, திட உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த நீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்பட்டால் போதும் என்கின்றனர். டென்மார்க் நாட்டு நிபுணர் ஹென்றிக் கெலெட் 1997இல் விளக்கிய முறையைப் பின்பற்றி, நீண்ட பட்டினியைத் தவிர்த்து, சத்திரசிகிச்சைக்குப் பின் விரைவில் உணவு கொடுத்து, விரைவில் எழுந்து நடக்கச் செய்யும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் பரவிவருகிறது. ஆயினும் வயிறு மெதுவாகக் காலியாகும் நோயாளிகளும், குடல் அடைபட்ட நோயாளிகளும் இருக்கின்றனர். ஆகவே நாமாக முடிவு செய்யாமல், “எத்தனை மணி வரை உண்ணலாம்? எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம்?” என்று இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சத்திரசிகிச்சை மறுநாளுக்குத் தள்ளிப்போனால், “இப்போது சாப்பிடக் கொடுக்கலாமா?” என்று உடனே கேட்க வேண்டும். கேளாமையால் இரண்டு நாள் பட்டினி நேரலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல நாள் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமலே கிடந்தவருக்குத் திடீரென்று வயிறார ஊட்டுவது ஆபத்து. இரண்டாம் உலகப் போரின் முடிவில், பட்டினி கிடந்த கைதிகள் விடுதலை பெற்று நிறைய உண்டபின் நோயுற்று மாண்டதை மருத்துவர்கள் கண்டனர். உணவு விரைந்து புகும்போது இரத்தத்திலுள்ள பொஸ்பேற்று முதலிய உப்புக்கள் சட்டெனக் குறைந்து இருதயம் தடுமாறுகிறது. ஆதலால் இத்தகையோருக்கு வைத்தியசாலையில் தயமின் என்னும் உயிர்ச்சத்தைக் கொடுத்து, இரத்தத்தைச் சோதித்து, உணவைச் சிறுகச் சிறுகக் கூட்டுவர். அன்பு மிகுதியால் அதனை நாம் மீறலாகாது.

இறுதியாக, வீடு திரும்பிய பின்னர் என்ன செய்வது? காலையில் மகளும் மருமகளும் மலைக்குச் சென்றுவிடுகின்றனர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை மடுவம் உண்டு. முதியவரைப் பார்த்துக்கொள்ள அத்தகைய இடம் பொதுவாக இல்லை. லயன் அறையில் தனித்திருப்பவர், பானையில் சோறு இருந்தும், எழுந்து போட்டுச் சாப்பிடத் தெம்பின்றிக் கிடக்கிறார். ஒருநாள் பேர்ச் சம்பளத்தை இழந்து வீட்டில் இருக்க முடியாத குடும்பங்களின் துன்பத்தை நாம் அறிவோம். குறை சொல்வது எளிது. வழி காண்பதே வேண்டுவது. உணவைப் படுக்கையின் அருகிலேயே கைக்கெட்டும் இடத்தில் மூடி வைத்துச் செல்லலாம். அடுத்த காம்பிராவில் இருப்பவரிடம் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் எட்டிப் பார்க்கச் சொல்லலாம். பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளையிடம், தாத்தாவின் கையைப் பிடித்து வாசல் வரை நடத்திச் செல்லும் வேலையைக் கொடுக்கலாம். உண்ட புரதம் தசையாவதற்கு நடையும் வேண்டும். லயன் ஒன்றில் பத்துக் குடும்பம் இருந்தால், ஒரு முதியவருக்கு ஆறு வாரம் மாறி மாறித் துணை நிற்பது இயலாத காரியமா?

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும் பகுதியில் உணவைப் பற்றியே பேசுகிறார். அதன் முடிவில், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்கிறார். நோயாளி தம் உடலோடு போராடுகிறார். மருத்துவரும் மருந்தும் கண்டியிலும் பேராதனையிலும் கட்டணமின்றியே கிடைக்கின்றன. நான்காம் உறுப்பு மட்டும் வீட்டிலிருந்தே வரவேண்டும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த தாள் கையில் கிடைத்த அன்றே அந்த நான்காம் உறுப்பின் வேலை தொடங்கிவிடுகிறது. அன்று மாலை அடுப்பில் ஏறும் பாத்திரத்தில் கஞ்சித் தண்ணீர் மட்டும் இருக்கலாம்; அதனுடன் ஒரு முட்டையும் ஒரு பிடி பருப்பும் இருக்கலாம். எது இருக்க வேண்டும் என்பதை, நேயர்களே, நீங்களே தீர்மானிக்க வேண்டும்.